மேகத்துக்குள்ளே முள்ளைப் பார்

வேதபகுதி: அப்போஸ்தலர் 27:13-44



1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து 'புஸ் மாத்' என்கிற சின்ன விமானத்தில் தபாலோடு கிளம்பினார். அகமதாபாத்தில் மாட்டுவண்டியில் வந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்கிற விமானி அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக மறுநாள் நம்ம சென்னைக்குக் கொண்டுவந்தார். ஒற்றை இன்ஜின், ரேடியோ கிடையாது. கீழே தெரிகிற ஆறு, ரயில் பாதை, கண்ணுக்கு முன்னால் திசைகாட்டி முள், அவ்வளவுதான் வழித்துணை.

கீழே தெரிகிற வரைக்கும் பிரச்சினை இல்லை. மேகத்துக்குள் போய்விட்டால்?

மார்கழி விடியற்காலையில் நம்ம வள்ளூரில் பனி இறங்கினால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியே தெரியாது. மேகத்துக்குள் விமானிக்கு அப்படித்தான். அதைவிட மோசம், அவனுடைய உடம்பே அவனிடம் பொய் சொல்லும். மனுஷனுடைய காதுக்குள்ளே இருக்கிற ஒருவித நீர்தான் நாம் சாய்கிறோமா, திரும்புகிறோமா என்று சொல்லுகிறது. விமானம் மெதுவாகச் சாய்ந்து ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த நீர் நிதானித்துவிடும். நேராகப் போகிறோம் என்றே தோன்றும். சரிப்படுத்தினால், எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கும். "ஐயோ, தப்பு" என்று பழைய பக்கமே திருப்புவான். வட்டம் இறுகும், தரை நெருங்கும். நல்ல அனுபவசாலிகள் இப்படிச் செத்தார்கள்.

1929 செப்டம்பர் 24-ந் தேதி அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில் என்ன செய்தார் தெரியுமா? உட்காருகிற இடத்தை மூடியால் மூடிக்கொண்டு, வெளியே ஒன்றுமே பார்க்காமல் விமானத்தை எழுப்பி, சுற்றி, இறக்கினார். ஆபத்துக்கு உதவ முன்சீட்டில் இன்னொரு விமானி இருந்தார், ஆனால் அவர் கை வைக்கவில்லை. சுழலும் சக்கரத்தால் இயங்கும் செயற்கைத் தொடுவானக் கருவி, திசைக் கருவி, நுட்பமான உயரமானி, இவைகள் காட்டினதை டூலிட்டில் நம்பினார். காது சொன்னதை நம்பவில்லை.

நாம் பெந்தெகொஸ்தேக்காரர். அந்நியபாஷை, அபிஷேகம், கண்ணீர், எல்லாம் வேண்டும். அல்லேலூயா! ஆனால் அவைகள் உயரமானி அல்ல. "மனசுக்குள்ளே ஒரு சமாதானம் வந்தது பாஸ்டர்" என்று சொல்லி, ரிட்டயர்மென்ட் பணத்தை மாதம் பத்து வட்டி கொடுக்கிறவனிடம் போடுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. ஆராதனையில் உடம்பு லேசானதும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. பவுல் ஏறின கப்பலிலும் இதுதான் நடந்தது. தென்றல் மெதுவாக வீசினதும், நினைத்தது கைகூடினது என்று எண்ணிப் பாய் விரித்தார்கள். யூரோக்கிலிதோன் அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்னொன்று. ஹார்பரில் வேலை செய்கிற சகோதரருக்குத் தெரியும், திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்பை வைத்தால் முள் விலகும். அதனால்தான் விமானத்தை ஒவ்வொரு திசைக்கும் திருப்பி நிறுத்தி, முள் எவ்வளவு விலகுகிறது என்று அட்டையில் எழுதி வைப்பார்கள். கடன் வாங்கத் தீர்மானித்துவிட்டு வேதத்தைத் திறந்தால், எந்த வசனமும் கடன் வாங்கத்தான் சொல்லும். அது நீங்கள் கொண்டுபோன இரும்பு.

இப்போது, கம்பெனி மூடி வேலை போய், ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் உணர முடியவில்லை, தேவன் கைவிட்டார் என்று சொல்லுகிற சகோதரனே, உனக்கு ஒரு வார்த்தை. அந்தக் கப்பலில் அநேக நாள் சூரியனுமில்லை, நட்சத்திரமுமில்லை. பதினாலாம் ராத்திரி மாலுமிகள் என்ன செய்தார்கள்? கயிற்றில் ஈயம் கட்டி ஆழம் பார்த்தார்கள். இருபது பாகம். மறுபடியும் போட்டார்கள். பதினைந்து. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டிலே கரை கிட்ட வந்துகொண்டிருந்தது. பவுலுக்கு அந்த ராத்திரியில் உணர்ச்சி என்ன இருந்தது என்று வேதம் எழுதவில்லை. தூதன் சொன்னபடியே நடக்கும் என்று சொன்னான், அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிட்டான்.

கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், தெரியாதவன் பலகையைப் பிடித்துக்கொண்டான். 276 பேரும் கரை ஏறினார்கள்.