கொழுந்து பறிப்பவருக்கும் ஒரு வாக்கு

2019 ஜனவரியில் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளருக்கான கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. நாளுக்கு 1000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு மாதக்கணக்கில் போராடியிருந்தார்கள். முந்தைய அக்டோபரில் இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். கிடைத்தது 700.

முன்பு 500; ஆக 200 ரூபாய் உயர்வு. ஆனால் அதே ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140 இரண்டும் போய்விட்டன. கூட்டிப் பாருங்கள், அதுவும் 200தான். விலைப் பங்குக் கொடுப்பனவு மட்டும் 30இலிருந்து 50 ஆனது. எல்லாம் சேர்த்து 730 வாங்கியவருக்கு அதன்பின் 750.

இதில் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். அடிப்படைச் சம்பளம் கூடினால் சேமலாப நிதியும் கூடும். வரவு குறைந்தவருக்கும், சொன்ன கிலோ பறிக்க முடியாதவருக்கும் இது உண்மையான உயர்வு. ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்கு வெறும் 20 ரூபாயாகவும் இருக்கும் இந்தப் பேரத்தை ஏற்பதா வேண்டாமா என்று மலையில் நிற்கும் பெண்ணிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்? கையெழுத்துப் போட்டவர்கள் சங்கத் தலைவர்கள். மாதாமாதம் சந்தா பிடிபட்ட உறுப்பினர்கள் வாக்களிக்கவில்லை.

ஒப்பந்தக் கணக்கு தொழிலாளிக்குப் புரியாது என்பார்கள். அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால் அந்த மாதம் எந்தச் செலவு நிற்கும் என்று அறிந்தவருக்கா புரியாது? நிராகரித்தால் வேலைநிறுத்தம் நீளும், அடுப்பு எரியாது என்ற அச்சம் மெய்யானது. பட்டினி கிடக்கப்போவது அவர்கள்தான் என்பதாலேயே முடிவும் அவர்களுடையதாக இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் போயிங் விமான ஆலைத் தொழிலாளருக்கு நான்கு ஆண்டுகளில் 25 சதவீத உயர்வு என்றொரு ஒப்பந்தத்தைச் சங்கத் தலைமையே பரிந்துரைத்தது. 94 சதவீதத்துக்கும் மேலானோர் எதிர்த்து வாக்களித்தார்கள். தலைவர்கள் மறுபடி பேச்சுக்குப் போனார்கள். 53 நாள் வேலைநிறுத்தம்; அத்தனை நாளும் சம்பளம் இல்லை. இடையில் இன்னொரு ஒப்பந்தமும் வாக்கெடுப்பில் தோற்றது. முடிவில் 38 சதவீத உயர்வை 59 சதவீதம் பேர் ஏற்றார்கள். உறுப்பினர்கள் ஒப்பமாட்டார்கள் என்ற சொல்லைவிட வலுவான ஆயுதம் பேச்சு மேசையில் ஒரு தலைவருக்கு வேறில்லை.

மலையகத்தில் வாக்கெடுப்பு நடத்துவது கடினமும் அல்ல. சந்தாப் பட்டியலே வாக்காளர் பட்டியல். தேயிலைக் கொழுந்து நிறுக்க எல்லோரும் மடுவத்துக்கு வருகிறார்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து, லயக் குடியிருப்புகளில் பேசிக்கொள்ள ஒரு வாரம் விட்டால் போதும். ஆனால் கைதூக்கச் சொல்லக் கூடாது, ரகசிய வாக்காகவே இருக்கவேண்டும். மலையகத்தில் சங்கத் தலைவரே பல சமயம் அரசியல் தலைவரும்கூட. வீட்டுக்கும் ரோட்டுக்கும் அவரிடம்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது.