தொண்டு யார் செலவில்?

சேலத்துக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது வாழப்பாடி. பாக்குக்குப் பேர்போன ஊர். பாக்கு உரித்தும் மரவள்ளிக் காட்டில் கூலிவேலை பார்த்தும் பிழைக்கும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிதான் கதி. அப்படியொரு பள்ளியில் படிக்கும் சிறுமிக்கு நல்ல குரல் வாய்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காசு கொடுத்துப் பாட்டு கற்க வீட்டில் வழியில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளி சேலத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் தனியாக பஸ் ஏற்றி அனுப்பப் பெற்றவர்களுக்குத் தைரியம் வராது. சுருதி சேர்ந்து பாடுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லித்தரக்கூடிய ஒரே ஆள் பள்ளியின் பாட்டு வாத்தியார்.

அவரும் பிள்ளைகுட்டிக்காரர். பள்ளி விட்ட பிறகு தினம் ஒரு மணி நேரம் இருந்து சொல்லிக்கொடுத்தால் அந்தப் பெண் தேறிவிடுவாள். அதே ஒரு மணி நேரத்தில் இரண்டு வீடுகளில் கீபோர்டு வகுப்பு எடுத்தால் அவர் வீட்டு வாடகைக்கு ஆகும். அவர் எதைத் தேர்ந்தெடுப்பது அறம்?

நல்லாசிரியர் தன் குடும்பத்தைப் பார்க்கமாட்டார், மாணவரைத்தான் பார்ப்பார் என்பது பணிநிறைவு விழா மேடைகளில் வழக்கமாகக் கேட்கும் விடை. கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. ஆசிரியர் கொடுத்த நேரத்தை அவர் மட்டும் கொடுக்கவில்லை. அடுப்படியையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் தனியாகச் சுமந்த மனைவி கொடுத்தார். அப்பாவிடம் பாட்டு கற்க முடியாமலே வளர்ந்த மகன் கொடுத்தான். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. ஒருவர் தன் பங்கைத் தானம் செய்யலாம். பிறர் பங்கையும் சேர்த்துத் தானம் செய்யும்போது, பாராட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் மரபு இந்தச் சிக்கலை அறியாததல்ல. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் முதலில் நிற்பவன் ஆசிரியரின் சொந்த மகன். நிறையப் பொருள் கொடுப்பவனுக்கும் அதில் இடம் உண்டு. ஆசிரியருக்கு வீடு இருக்கிறது, வயிறு இருக்கிறது என்பதை அந்த இலக்கணம் ஒளிக்கவில்லை. திருக்குறளிலும் விருந்தோம்பல், ஒப்புரவறிதல், ஈகை ஆகிய அதிகாரங்கள் துறவறவியலில் இல்லை, இல்லறவியலில் இருக்கின்றன. கொடுப்பது குடும்பஸ்தனின் அறம். இல்லறத்தான் பேண வேண்டியவர்களை எண்ணும்போது வள்ளுவர் சுற்றத்தாரைச் சேர்க்கிறார், கடைசியில் அவனையும் சேர்க்கிறார். வீட்டை வெறுமையாக்கிவிட்டு ஊருக்குக் கொடுப்பவனை அவர் இலக்காக வைக்கவில்லை.

இசைக்காகத் தன்னைக் கொடுத்த ஓர் ஆசிரியரின் வாழ்க்கையும் இதைத்தான் காட்டுகிறது. ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்து, பின் தஞ்சாவூர் வந்து பெண்கள் பள்ளி ஒன்றில் மனைவியோடு பணியாற்றியவர். பிறகு ஆசிரியர் வேலையை விட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கிப் பொருளீட்டினார். குடும்பம் நிலைபெற்ற பிறகு, 1912 முதல் தஞ்சையில் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் மகள்களையும் அழைத்துச் சென்று, தம் சுருதி ஆய்வை அவர்களைப் பாடவைத்து விளக்கினார். மறு ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. அவருடைய இசைத்தொண்டு குடும்பத்தைத் தள்ளி வைக்கவில்லை, அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. இசைக்கு இவ்வளவு செய்ய அவர் பள்ளியை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. எல்லா ஆசிரியர்களுக்கும் மருத்துவம் தெரியாது; எல்லாரும் வெளியே போய்விட்டால் அந்தச் சிறுமிக்கு யார் இருக்கிறார்கள்?

இங்கேதான் அரசுப் பள்ளியின் பெருமை புரிகிறது. நன்னூலின் பட்டியலில் பொருள் கொடுக்க முடியாத கூலித் தொழிலாளியின் மகள் பிறப்பாலோ பணத்தாலோ நுழைய முடியாது. அரசுப் பள்ளி அவளை உள்ளே அழைக்கிறது. அவள் கொடுக்க வேண்டிய பொருளை ஊர் மொத்தமும் வரிப்பணமாகச் சேர்ந்து கொடுக்கிறது. ஆகவே அவள் கற்கும் பாட்டு, வாத்தியார் போடும் பிச்சையல்ல; அவளுடைய உரிமை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 100 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று சொல்கிறது.

அந்த உரிமையின் நிலை என்ன? தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அது படிப்படியாக ஏறி 2024இல் 12,500 ஆனது. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதே இந்த ஆண்டுகளில் இருந்த வழக்கம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் பலமுறை போராடியிருக்கிறார்கள். கோடையில் பள்ளிக்கு விடுமுறை உண்டு, வயிற்றுக்கு உண்டா என்ற அவர்களின் கேள்விக்கு அந்த ஆண்டுகளில் நேரான பதில் யாரிடமும் இருக்கவில்லை.

வேலையோ அரைநாளோடு முடிவதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, அதை இசைத்தட்டில் ஒலிபரப்புவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் 55 விநாடிகளில் வாய்விட்டுப் பாட வேண்டும் என்று அரசாணை சொன்னது. நல்ல முடிவு. அந்தப் பயிற்சியைக் கொடுப்பவர் பாட்டு வாத்தியார். 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்கான ஒத்திகையும் பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகுதான். பரிசு வந்தால் பள்ளிக்குப் பெருமை. தேர்வு நெருங்கினால் மட்டும் பாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் ஆசிரியர் எதுவும் கடன்படவில்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஒப்புக்கொண்ட நேரம் முழுவதும் மாணவருடையது. குடும்பக் கஷ்டத்தைக் காட்டி அதில் ஒரு நிமிடத்தைக் குறைக்கவும் அவருக்கு உரிமையில்லை. நிரந்தரப் பணியில் முழுச் சம்பளம் வாங்குபவருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அந்த நேரத்தில் பரிசு வாங்கித்தரக்கூடிய நான்கு குரல்களை மட்டும் வளர்த்துவிட்டு, தாளம் பிடிபடாத பிள்ளைகளைக் கடைசிப் பெஞ்சில் உட்கார்த்திவைப்பதும் தவறு. பாட்டு அவர்களுக்கும் உரிமை.

ஒப்புக்கொண்ட நேரத்துக்கு மேல் அவர் கொடுப்பது கொடை. அதன் அழகைக் குறைத்துச் சொல்ல முடியாது. கடிகாரம் பார்த்துச் சொல்லிக்கொடுத்த பாட்டு எந்தக் குழந்தையின் தொண்டையிலும் தங்காது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எந்த ஊதியமும் அந்த ஈடுபாட்டை விலைக்கு வாங்கிவிட முடியாது. ஆனால் கொடை என்பது மறுக்கும் உரிமை உள்ளவர் கொடுப்பது. மறுத்தால் பெயர் கெடும், பணி நீட்டிப்பு கிடைக்காது என்ற அச்சத்தில் கொடுப்பது கொடையாகாது. வீட்டில் கேட்டுப் பேசி, மனைவி மக்களுக்கும் அதில் ஒரு பங்கும் பெருமையும் இருக்கும்படி கொடுத்தால்தான் அது முழுமை பெறும்.

அந்தச் சிறுமிக்கான ஒரு மணி நேரத்தை அவர் கொடுத்தால் கைகூப்பலாம். கொடுக்க முடியாமல் கீபோர்டு வகுப்புக்குப் போனால் அவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் சிறுமியின் இழப்பு இழப்புதான். அதற்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டும். அந்தப் பொறுப்பு அவளுடைய பாட்டுக்குச் சட்டம் எழுதிவிட்டு அரைநாள் ஆளை வைத்தவர்களுடையது. அதைக் கேள்வி கேட்காத ஊருடையதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள். பாட்டு பீரியடைப் பறிக்கக் கூடாது, ஒத்திகை நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும், முழுநேர இசை ஆசிரியர் வேண்டும் என்று அவர்கள் தீர்மானம் போடலாம். பணிநிறைவு விழாவில் போடும் பொன்னாடையைவிட அது அவருக்குப் பெரிய மரியாதை. அவரிடம் கூடுதல் நேரம் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், அவருடைய மே மாதச் சம்பளத்தை முதலில் கொடுத்திருக்க வேண்டும்.