பாதை என்றால் படகு

ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டுவிட்டுப் பெய்கிறது. இன்று காலை வெறித்தாற்போல் இருந்ததால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். தார்ச்சாலையை விட்டு இறங்கியதுதான் தப்பு. ஐம்பதடி போவதற்குள் கரிசல் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைந்து, சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டினேன், பத்தடி உருண்டது, மறுபடி நின்றது. கடைசியில் செருப்பை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தோளில் தூக்கினேன். வரப்பில் நின்றிருந்த ஒரு பெண், “என்ன அண்ணாச்சி, சைக்கிள் ஒங்க மேல ஏறி வருது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு தீவைச் சைக்கிளில் சுற்றிவரத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

கரிசல்காட்டில் நின்று பார்த்தால் நிலத்துக்கு விளிம்பு தெரியாது. குருமலைப் பக்கம் கொஞ்சம் மேடு தட்டும், அவ்வளவுதான். மற்றபடி எந்தத் திசையில் மிதித்தாலும் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம், வேலிக்கருவை, அதற்கப்புறம் இன்னொரு ஊர். ஐம்பத்தெட்டு வயதுவரை இப்படி முடியாத நிலத்திலேயே சுற்றியவனுக்கு, ஓரம் உள்ள ஒரு நிலத்தை அதன் ஓரமாகவே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

இலங்கை வடக்குத் தெற்காக 432 கிலோமீட்டர், அகலவாக்கில் அதிகபட்சம் 224. கடற்கரையை ஒட்டிய சாலைகளை நூல் வைத்து அளந்து கூட்டினேன். சுமார் ஆயிரத்து நானூறு வருகிறது. முப்பது நாள் விசா. நாளைக்கு அறுபது கிலோமீட்டர் என்றால் போதும், நடுவில் ஏழெட்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்த ஏழெட்டு நாளுக்காகத்தான் போகிறேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

*

முதல் கேள்வி, எப்படிக் கடல் தாண்டுவது.

தூத்துக்குடி எங்கள் கோவில்பட்டியிலிருந்து அறுபது கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். 2011 ஜூனில் அங்கிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் விட்டார்கள். மாலையில் ஏறினால் காலையில் கொழும்பு. அப்போது எனக்கு வேலை இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்த நவம்பரிலேயே கப்பல் நின்றுவிட்டது.

இப்போது கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து. 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கினார்கள், ‘செரியபாணி’ என்று பெயர். சில நாள் ஓடியதும் பருவமழை வந்து நிறுத்திவிட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போகத் தொடங்கியது. அறுபது கடல் மைல், நான்கு மணி நேரம். அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி கிளம்பியது. கடலே இல்லாத மாவட்டத்தின் பெயரை ஒரு கப்பலுக்கு யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. சிவகங்கைக்காரர்களும் நம்மைப்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தானே.

ஆக, பக்கத்தில் இருக்கும் துறைமுகத்தை விட்டுவிட்டு விளாத்திகுளம், சாயல்குடி, ராமநாதபுரம், தொண்டி, முத்துப்பேட்டை என்று கடற்கரையோடு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே மிதித்துப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். தீவைச் சுற்றுவதற்கு ஒத்திகையாக இருக்கட்டும்.

*

மழைக்கும் கப்பலுக்கும் உள்ள பகையை இன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி கார்த்திகைக்கு நாங்கள் வானத்தைப் பார்க்கிறோம். வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது என்று செய்தி வந்தால் இந்த ஊர் டீக்கடைகளில் முகங்கள் மலரும். அதே செய்தியில்தான் நாகப்பட்டினத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். எங்கள் கண்மாய் நிறைய வேண்டுமானால் என் கப்பல் நிற்க வேண்டும்.

எனவே மாசி. அறுவடை முடிந்து காடு வெறுமையாகிவிடும், கடல் அடங்கிவிடும்.

*

காற்று.

இங்கே ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மேகாத்து அடிக்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வெறிபிடித்துச் சுற்றும், எதிரே சைக்கிள் மிதித்தால் நின்ற இடத்திலேயே நிற்போம். அந்தக் காற்று கடலுக்குப் போனதும் கச்சான் ஆகிவிடுகிறது, தூத்துக்குடி மீனவர்கள் வாயில். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் ஒன்று வைத்திருக்கிறார்கள். கரையில் ஒரு காற்று, கடலில் நாலு காற்று.

மாசியில் வாடை ஓயவில்லை என்றால், யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரை வழியாகத் தெற்கே இறங்கும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், பிறகு அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி. மேற்குக் கரையில் கொழும்பு, நீர்கொழும்பு, புத்தளம், மன்னார் என்று ஏறும்போது பங்குனி பிறந்துவிடும், வாடை தளர்ந்திருக்கும். கணக்கு சரியாக வருகிறது.

போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன், இது வலம். தீவு முழுக்க என் வலக்கைப் பக்கம் இருக்கும். அங்கேயும் சாலையில் இடப்பக்கம்தான் போக வேண்டும் என்பதால், கடலோரத் தடம் என்னுடையது. கழுகுமலையில் கிரிவலம் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

(கச்சான் என்றால் இலங்கையில் நிலக்கடலை என்றும் பொருளாம். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கடலைமிட்டாய்க்கு ஒரு சொந்தக்காரன் அங்கே கச்சான் அல்வா என்ற பெயரில் திருவிழாக் கடைகளில் இருக்கிறான். பையில் இரண்டு கிலோ எடுத்துக்கொள்ள வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க.)

*

ரயில் நிலையம் பக்கம் போனால் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவது வழக்கம். 1876இல் மதுரை–தூத்துக்குடி தடம் வந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் இந்த வழியாகத்தான் போனார்கள். போட் மெயில் இந்த நடைமேடையைத் தொட்டுக்கொண்டு போய் மணியாச்சியைத் தாண்டித் தூத்துக்குடியில் அவர்களை இறக்கிவிடும், அங்கே கப்பல். தோட்டக் கூலிகளாகப் போனவர்களைத் தட்டப்பாறை முகாமில் வைத்திருந்து ஏற்றினார்கள். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டும் இதே 1876. ரயிலும் பஞ்சமும் ஒன்றாக வந்த ஊரில் ஜனங்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

எங்கள் ஆச்சி, ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் “கண்டிக்குப் போயிட்டான்” என்பாள். கண்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய தாத்தாவின் தம்பி ஒருவர் போனார், வரவில்லை. அவ்வளவுதான் குடும்பத்தில் மிச்சமிருக்கும் சரித்திரம்.

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யும் கரிசல்காட்டுக்காரர். கண்மாய்த் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த மனிதர், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மா ஏறிக்கொள், குடையும் தருகிறேன் என்றதாகச் சொல்வார்கள். 1908இல் அவரைச் சிறையில் போட்டார்கள், 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கம்பெனி கரைந்துபோயிருந்தது. பின்னாளில் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்துக் கோவில்பட்டியில் தொழில் செய்தார், 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பும்வரை. இந்த ஊரில் அவர் வழக்காடிய நாட்களில் போட் மெயில் இந்தத் தடத்தில் இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் அது தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. கறுப்புக் கோட்டோடு இந்த நடைமேடையில் அவர் என்றாவது நின்றிருப்பார். அவர் முன்னால் வந்து நின்ற ரயிலில் கொழும்புக்குப் போகிறவர் யாராவது இருந்திருப்பாரா என்று நானாக யோசித்துக்கொண்டு பெஞ்சில் இருந்து எழுந்துவிட்டேன்.

தனுஷ்கோடியையும் 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனது. அதற்கப்புறம் இருபது வருஷம்போல ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. எண்பதுகளில் போர் அதையும் நிறுத்தியது. அந்தச் சிறு கடலை நூற்றைம்பது வருஷமாக யாரோ தைக்கிறார்கள், யாரோ பிரிக்கிறார்கள்.

*

வரைபடத்தில் ஓர் இடம் தூக்கத்தைக் கெடுத்தது. முல்லைத்தீவிலிருந்து கரையோரமாகக் கொக்கிளாய் வரைக்கும் சாலை வருகிறது. எதிர்க்கரையில் புல்மோட்டை. நடுவில் கடல்நீரேரியின் வாய். என் வரைபடத்தில் கோடு அங்கே அறுந்து கிடக்கிறது. உள்நாட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகலாம், ஆனால் ஓரத்தை விட்டு உள்ளே போவதென்றால் எதற்குத் தீவு?

எட்டயபுரத்துக்கு அருகே தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. கரிசலுக்கு நடுவில் கடலைத் தாண்டி வந்தவர்களின் ஊர். அங்கே தெரிந்த பெரியவர் ஒருவர், மூதூர்ப் பக்கத்துக்காரர், 1990இல் வந்தவர். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

“சைக்கிள் ஓடுவீங்களோ தம்பி இவ்வளவு தூரம்?” என்றார். அவர்களுக்குச் சைக்கிள் ஓடுவது, நமக்கு மிதிப்பது. அறுந்த இடத்தைக் காட்டி, இங்கே பாதை இல்லையே ஐயா என்றேன்.

“பாதை இல்லாட்டியும் தோணி இருக்கும்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. தோணி இருக்கும் என்கிறார், பிறகு பாதை இல்லை என்றால் என்ன? கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வெவ்வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகுதான் அவிழ்ந்தது. ஆற்றுமுகத்திலும் களப்பிலும் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் தட்டையான மிதவை இருக்கிறதே, அதற்கு அங்கே பெயர் பாதை. “எங்கட பக்கம் அப்படித்தான் சொல்லுறது. பாதை வந்திட்டுது, பாதை போயிட்டுது எண்டு.”

வரும், போகும், நமக்காகக் காத்திருக்காது, அப்படி ஒரு பாதை. நான் ஒற்றையடிப்பாதை, வண்டிப்பாதை மட்டுமே பார்த்தவன். எங்கள் பாதை ஒரே இடத்தில் கிடக்கும், நாம்தான் வந்து போவோம். 

திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்பு போகும் சாலையில் ஒரு காலத்தில் எத்தனை பாதைகள் ஏறி இறங்க வேண்டும் என்று விரலை மடக்கினார். கிண்ணியாவில் ஒன்று, வெருகலில் ஒன்று, நடுவில் வேறு சில. பாதைக்காரன் சாப்பிடப் போயிருந்தால் பஸ்ஸும் நிற்கும், பிரேதமும் நிற்கும் என்றார். கிண்ணியாவில் 2009இல் பாலம் வந்துவிட்டது, 396 மீட்டர். அவர் அதைப் பார்த்ததில்லை. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 காலையில், பாதை கவிழ்ந்து பள்ளிப்பிள்ளைகள் செத்துப்போனதை அவர் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். நானும் கேட்கவில்லை.

ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவில் பாதை ஒன்று இன்னும் இருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்தால் மூன்று நாள் கூடும். சேர்த்துக்கொண்டேன்.

*

கிளாலி என்ற பெயரை வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவுத் தரைவழி போரில் அடைபட்டுக் கிடந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர இரவில் விளக்கில்லாமல் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். கடற்படை சுடும். எரிபொருள் இல்லாத ஊரில் எல்லோரிடமும் இருந்தது சைக்கிள், அதையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். சைக்கிளும் படகும் சேர்ந்த பயணம் என்று நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வட்டத்தை அழிக்கவில்லை. அங்கே ஒரு நாள் தங்குவது என்று மட்டும் எழுதிவைத்தேன்.

*

பிறகு ஒரு நாள் மழை விட்டு வெயில் வந்தது. மட்கார்டில் காய்ந்த கரிசலைத் திருப்புளியால் பெயர்த்தேன், ஓடு ஓடாக விழுந்தது. பின்சக்கரத்தில் பெண்டு எடுக்க வேண்டும். டியூபில் ஏற்கெனவே ஒன்பது ஒட்டு, எல்லாம் வேலிக்கருவை முள்.

சைக்கிளைக் கழற்றிக் கட்டி, பருத்தி எடை போடும் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். இருபதரை கிலோ. “எங்க அண்ணாச்சி, வித்துட்டீங்களா?” என்றார் கடைக்காரர். கண்டிக்குப் போகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடி எடை பார்த்தார்.

எதைக் குறைக்கலாம் என்று இருவருமாகப் பார்த்தோம். செயின்கார்டு வேண்டாம். பெல் இருக்கட்டும். ஸ்டாண்டு கனம், அதைக் கழற்றினால் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் குறையும் என்றார். கழற்றிவிட்டேன்.

இரண்டு நாளாகச் சைக்கிள் திண்ணைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.