பேணுவாரைப் பேணுதல்

ஊனமுற்ற பிள்ளையைப் பெற்ற தாயைக் காணும்போது நம்மவர் வாயினின்று முதலில் வெளிவரும் சொல் ‘முன்வினை’ என்பது. அடுத்து வருவது, ‘பொறுமையில் நீ பூமாதேவி’ என்பது. முதற்சொல் அவளைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது அவளைத் தெய்வமாக்குகிறது. குற்றவாளிக்கு உதவ வேண்டியதில்லை. தெய்வத்திற்கோ உதவியே தேவையில்லை. ஆகவே இவ்விரண்டையும் சொல்லியவர் கைவீசிக்கொண்டு தம் வீட்டிற்குப் போய்விடலாம். பௌத்தர் எனப்படும் நாமும் இவ்வாறு பேசிவிட்டுப் போகலாமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எல்லா வேதனைகளும் முன்செய்த வினையால் வருவனவா என்று மோலியசீவகர் என்னும் பரிவிராசகர், இராசகிருகத்து வேணுவனத்தில் பகவனையே நேரிற் கேட்டார். விடை சஞ்யுத்த நிகாயத்தில் உள்ளது. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை அவர் எண்ணிக் காட்டினார். வினை எட்டில் ஒன்றே. அனைத்தையும் அதன் தலையிற் சுமத்துவோர், தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் தீர்ப்பு.

‘தம்மபத உரையில் சக்குபால தேரர் கண்ணிழந்ததற்கு முற்பிறப்புக் கதை சொல்லப்படுகிறதே’ என்று அன்பர் ஒருவர் கேட்டார். உண்மை, சொல்லப்படுகிறது. ஆயின் அது உரையில் வரும் கதை. வினையின் விளைவு இன்னதென்று எண்ணித் துணியலாகாது என்பதும் பகவன் வாக்கே. அண்டை வீட்டுக் குழந்தையின் முற்பிறப்பைக் கணிக்க நமக்கு எந்த ஞானக்கண் வாய்த்தது?

நான் நூற்பாலையில் இருந்தபோது, கார்டிங் இயந்திரத்தில் சிக்கிய பஞ்சை எடுக்கப்போன தொழிலாளி ஒருவர் வலக்கையை இழந்தார். இடக்கை விரல்களும் மடங்காமற் போயின. இயந்திர மூடியின் பூட்டு பழுதாகி மூன்று மாதமாயிருந்தது. ‘அவன் தலையெழுத்து’ என்றார் மேஸ்திரி. பூட்டின் விலை என்னவென்று எவரும் கேட்கவில்லை. காப்பீட்டிலிருந்து அவருக்கு மாதந்தோறும் ஊனத்தொகை வந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் செய்த நன்மை அது. ஆனால் அவருக்குச் சட்டை மாட்டி, சோறு ஊட்டி, இரவில் எழுந்து தண்ணீர் கொடுப்பதற்காக அவர் மனைவி ஊதுபத்தி உருட்டும் வேலையை விட்டார். அந்தக் கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவரை யாவரும் உத்தமி என்றனர். ஒரு நாள் அவருக்குப் பதிலாக உட்கார ஒருவரும் இல்லை, நானும் உட்காரவில்லை.

விநய பிடகத்து மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. சீதபேதியால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலத்திலேயே கிடந்தார். பகவன் அவரைக் கண்டதும், ‘நீ முன்பு என்ன செய்தாய்’ என்று வினவவில்லை. உன்னைப் பேணுவார் உளரோ என்றார். இல்லை என்றார் பிக்கு. ஏன் என்றதற்கு, தம்மால் மற்ற பிக்குகளுக்குப் பயனேதும் இல்லையாதலால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்றார். பகவன் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். அதன்பின் சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் அருகில்லாத நீவிர் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்று இடித்துரைத்தார். குற்றம் நோயாளியின்மேலன்று, சங்கத்தின்மேல் வைக்கப்பட்டது.

இதனை நாம் அடிக்கடி மேடையிற் சொல்கிறோம். இதற்கு அடுத்து வருவதைச் சொல்வதில்லை. நோயுற்ற பிக்கு இறந்தால், அவருடைய பாத்திரமும் சீவரமும் சங்கத்தின் உடைமை. எனினும் அவற்றை அவரைப் பேணியவர்க்குக் கொடுத்துவிடலாம் என்று பகவன் அனுமதித்தார். பேணுவார் பேருபகாரி என்பதே அவர் கூறிய காரணம். உடைமையே இல்லாத கூட்டத்திலும் பேணியவர்க்கென ஒரு பங்கு வகுக்கப்பட்டது. வெறும் புகழுரையோடு அவரை அனுப்பிவிடவில்லை.

உறுப்புக் குறையுடையோர்க்குத் துறவு அளிக்கலாகாது என்னும் விதியும் அதே விநயத்தில் உண்டு. அதை மறைத்துப் பேசுவது பொய்யாகும். துறவு பூண்டபின் கண்ணிழந்த சக்குபாலர் தேரராகவே இருந்தார் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. இருப்பினும் அவ்விதி என்னை உறுத்தவே செய்கிறது.

மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் குருடரையும் செவிடரையும் முடவரையும் ஆதரவற்றோரையும் அழைத்து ஊட்டுகிறான். பிச்சை எடுத்தே ஊட்டினான். அமுதசுரபி அவனுக்குப் பிற்பாடுதான் கிடைத்தது. சோறு முதலில் வேண்டியதே. ஆனால் இருபதாண்டு காலம் முழு இரவு உறங்காத தாய்க்கு அமுதசுரபியும் உறக்கம் தராது.

இன்று அரசின் சட்டம் நம் மேடைப்பேச்சைவிட ஒருபடி முன்னே நிற்கிறது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டதோடு, மிகுந்த துணை வேண்டுவோர்க்குப் பராமரிப்பாளர் படியையும் சமூகப் பாதுகாப்பின்கீழ்ச் சேர்த்தது. சட்டத்தில் ஏறிய சொல் கையில் ரூபாயாக வருவதற்குத் தூரம் அதிகம். 80 விழுக்காடு ஊனமுடைய ஏழைகளுக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியம் 2012 இல் 300 ரூபாயாக்கப்பட்டது. அதைக் கொண்டு ஆள் வைக்க இயலுமா என்று வாசகரே கணக்கிடலாம்.

மூளைமுடக்குவாதமுடைய மகனை வளர்க்கும் அம்மையார் ஒருவர், பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் என்னிடம், ‘அண்ணா, நிப்பாணம் இருக்கட்டும். நான் போனபின் இவனுக்கு யார்?’ என்றார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. 1999 ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது கடந்த இத்தகையோர்க்குச் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு என்பதைப் பின்னர்தான் கற்றேன். மனுவை எழுதுவதும், வரிசையில் நிற்பதும், ஊனச் சான்றுக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் சூத்திரம் ஓதுவதற்குக் குறைந்த தம்மப் பணி என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு முதல் எங்கள் சபையில் நால்வர் முறைவைத்து அவ்வீட்டிற்குச் செல்கிறோம். பையனைத் திருப்பிப் படுக்கவைக்கவும், விக்கலின்றி ஊட்டவும் அந்த அம்மையாரே எங்களுக்குக் கற்பித்தார். முதல் மாதம் அவர் எங்கும் போகாமல் வாயிற்படியிலேயே அமர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதம் கடைத்தெரு வரை போனார். வைகாசியில் தம் தங்கை மகளின் திருமணத்திற்கு ஓசூர் சென்று ஓரிரவு தங்கி வந்தார். மறுநாள் அவர் திரும்பியபோது பையன் உறங்கிக்கொண்டிருந்தான். ‘இவன் என்னைத் தேடவே இல்லையா?’ என்று கேட்டார். அக்கேள்வியில் மகிழ்ச்சி இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.