எண்பத்தெட்டு போதாதா?

ஹைதராபாத்தின் வடக்கே ஜீடிமெட்லா. மருந்து ஆலைகளும் ரசாயன ஆலைகளும் நெருங்கி நிற்கும் தொழிற்பேட்டை அது. குத்புல்லாபூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. 2014இல் அந்தத் தொகுதி தெலுங்கு தேசம் வேட்பாளர் கே.பி. விவேகானந்தைத் தேர்ந்தெடுத்தது. 2016இல் அவர் தெலங்கானாவின் ஆளுங்கட்சியான டி.ஆர்.எஸ்ஸுக்குப் போனார். தெலுங்கு தேசத்துக்கு ஓட்டுப் போட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2018 டிசம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் டி.ஆர்.எஸ். 119 இடங்களில் 88ஐ வென்றது. அதன் தலைவர் சந்திரசேகர ராவ் மீண்டும் முதல்வரானார். காங்கிரஸுக்குக் கிடைத்தவை 19. ஒருவர் எம்.பி. ஆகிவிட, மிஞ்சியது 18. அதில் 12 பேர் ஆளுங்கட்சியோடு இணைந்ததாக 2019 ஜூன் 6 அன்று பேரவைத் தலைவர் அறிவித்தார். மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து போனால் பதவி போகாது என்கிறது அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் 88 பேரை வைத்திருந்தவருக்கு அந்த 12 பேர் எதற்கு? ஆட்சி நடத்த அவர்கள் தேவைப்படவில்லை. எதிரே ஆள் இல்லாமல் இருக்கத்தான் தேவைப்பட்டார்கள்.

ஆறு பேராகச் சுருங்கிய காங்கிரஸ், எதிர்க்கட்சித் தலைவர் பதவியையும் இழந்தது. அடுத்த இரண்டே வாரத்தில் காளேஸ்வரம் பாசனத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அதன் மேடிகட்டா தடுப்பணையில் தூண்கள் இறங்கின. பேரவையில் எதிர்க்கட்சி வலுவாக இருந்திருந்தால் அந்த அணை தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், அத்தனை பெரிய செலவைத் துருவிக் கேட்க வேண்டிய இருக்கைகள் அந்த ஆண்டுகளில் காலியாகக் கிடந்தன.

தாவியவரை மக்களே மறுபடி ஜெயிக்க வைத்தார்களே என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். விவேகானந்த் 2018இல் வென்றார். 2023இல் 85,000க்கும் கூடுதலான ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஆனால், பின்னால் கிடைத்த சம்மதம் முன்னால் எடுத்துக்கொண்டதை நியாயமாக்காது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வாக்காளர்கள் கேட்காத கட்சிக்குத்தான் அவர்களுடைய இருக்கை பயன்பட்டது.

நேர்வழி டி.ஆர்.எஸ்ஸுக்குத் தெரியாததல்ல. தெலங்கானா தனி மாநிலத்துக்காக 2006இல் சந்திரசேகர ராவ் கரீம்நகர் எம்.பி. பதவியை விட்டார், இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். 2010இல் அவர் கட்சியின் எம்.எல்.ஏ.க்களும் ராஜினாமா செய்து மக்களிடமே திரும்பிப் போனார்கள். போராட்டக் காலத்தில் கைக்கொண்ட ஒழுக்கம் பெருவெற்றி வந்ததும் கைநழுவியது.

2023இல் ஆட்சி காங்கிரஸுக்கு மாறியது. அதற்குள் பி.ஆர்.எஸ். என்று பெயர் மாறியிருந்த டி.ஆர்.எஸ்ஸின் 10 எம்.எல்.ஏ.க்கள் காங்கிரஸ் பக்கம் போனதாக வழக்கு எழுந்தது. நீதிமன்றம் போனவர்களில் விவேகானந்தும் ஒருவர். அவருடைய பழைய செயலைக் காட்டி இன்றைய முறையீட்டைத் தள்ளிவிடக் கூடாது, கேட்பது நியாயம். மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்கும்படி 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் பேரவைத் தலைவருக்கு உத்தரவிட்டது.

உங்கள் தொகுதி உறுப்பினர் நாளை கட்சி மாறினால், எந்தக் கட்சிக்குப் போனார் என்று பார்க்காதீர்கள். ராஜினாமாக் கடிதம் எங்கே என்று கேளுங்கள்.