கணக்குக் கேட்ட மகன்கள்

936-ல் ஜெர்மானிய மன்னர் முதலாம் ஹென்றி கண்மூடினார். அவருக்காக முதல் திருப்பலி நிறைவேற்றிய குருவுக்கு ராணி மெட்டில்டா தன் கைக்காப்புகளையே கழற்றிக் கொடுத்தார் என்கிறது ராணியின் பழைய வரலாறு. அதே ஆண்டு குவெட்லின்பர்க்கில் பெண்கள் மடம் எழுந்தது.

மெட்டில்டாவின் கொடை பெருகப் பெருக மகன்களுக்கு வயிற்றெரிச்சல். கஜானாவைக் கரைக்கிறார் என்று மன்னரான மூத்தவர் ஓட்டோ கணக்குக் கேட்டார். தாயின் செல்லப்பிள்ளை இளைய ஹென்றியும் அவரோடு சேர்ந்துகொண்டதுதான் வேடிக்கை. அண்ணனை விட்டுவிட்டு இவருக்கு முடிசூட்ட ஆசைப்பட்டவர் அந்தத் தாய்! மெட்டில்டா வழக்காடவில்லை. கணவர் எழுதிவைத்த சொத்துகளை விட்டுக்கொடுத்துவிட்டு எங்கர் என்ற ஊருக்குப் போய்விட்டார். மருமகள் எடித் பரிந்து பேசிய பிறகுதான் சமாதானம் வந்தது. மாமியாருக்காக மருமகள் வாதாடுவது அரண்மனைகளில் அபூர்வம்.

968 மார்ச் 14-ல் இறந்த மெட்டில்டாவைக் குவெட்லின்பர்க்கில் கணவர் அருகே அடக்கம் செய்தார்கள். மன்னர் ஹென்றியின் எலும்புகள் இன்று அங்கே இல்லை; ராணியின் கல்பேழை இருக்கிறது. ஓட்டோ பேரரசரானார், பேரரசுகள் வந்து போயின. மெட்டில்டா தொடங்கிய மடத்தையோ எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பெண்களே நடத்தினார்கள். அதன் முதல் தலைவி, கணக்குக் கேட்ட ஓட்டோவின் மகள்.