விடுதலைப் பத்திரம்: எவர்க்கு விடுதலை?

வழக்குரைஞர் தகுதித் தேர்வுக்குச் சொத்துரிமைச் சட்டம் பயிலும் இளைஞர் திருப்பதியில் பலர் உளர். வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும், 1983-இல் தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் சட்டம் கற்றோர் அவர்கள். அவர்தம் நூல்களைப் புரட்டும் வாய்ப்பு, கோப்புகளோடு உழலும் எழுத்தராகிய நமக்கும் கிட்டியது. தேர்வில் 100 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை. மகளின் பங்கு பற்றிய பகுதியிலோ, நம் உள்ளத்தில் எழுந்த வினாவுக்கு நூலில் விடையில்லை.

1911 வரை சித்தூர் வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். வேலூரோடு கொள்வினை கொடுப்பினை இன்றும் உண்டு. ஆந்திரம் 1986-இல் இயற்றிய திருத்தம், 5-9-1985 முதல், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமையை மகளுக்கு அளித்தது. தமிழ்நாட்டில் அவ்வுரிமை 25-3-1989 முதல் வந்தது. இரண்டுமே அந்நாளுக்கு முன் மணமானவளை விலக்கின. ஆகவே 1987-இல் மணமான சித்தூர்க் குடும்பத்துப் பெண்ணுக்குப் பங்கு உண்டு. அவ்வாண்டே மணமான வேலூர்க் குடும்பத்துப் பெண்ணுக்கு இல்லை. உறவு ஒன்று, மொழி ஒன்று. நீதி மட்டும் எல்லைக்கல்லில் மாறி நின்றது! 2005-இன் மத்தியத் திருத்தமே இவ்வேற்றுமையைத் தீர்த்தது.

பங்கு பெண்ணின் கைக்கு வந்ததா? ‘சீர் செய்தாயிற்று, அண்ணனுக்கு விட்டுக்கொடு’ என்று விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. வற்புறுத்தலும் வஞ்சகமும் இன்றிப் பெற்ற இசைவே செல்லும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். கையெழுத்திடாவிடில் பொங்கல் சீர் நின்றுவிடும், மகளின் மணவறைக்குத் தாய்மாமன் வாரான் என்னும் அச்சத்தை எப்பிரிவில் அடக்குவது? மறுத்தாலும் பிறந்தகத்தின் வாயில் திறந்தே இருக்கும் என்றிருந்தால் அவள் தருவது கொடை. இல்லையேல் அது வாயிற்கட்டணம் என்போம்.

பெற்றோரைக் காத்தவன் அண்ணன்தானே என்பர். நியாயமே. அவ்வுழைப்புக்கு உரியதை வெளிப்படையாகக் கணக்கிட்டுக் கொள்ளட்டும். தங்கையின் பாசத்தில் பற்றெழுத வேண்டா. மனமுவந்து விட்டுக்கொடுக்கும் பெண்களும் உளர். அவர்தம் உரிமையையும் நாம் பழிக்கோம்.

ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் இப்பத்திரம் பெரும்பாலும் விடுமுறையோடு வருகிறது. பிள்ளைக்கு முடியிறக்கத் திருமலைக்கு வந்த தங்கை, மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். ஒரு திங்களுக்கு முன்பே பத்திரத்தின் படியை அனுப்பி, ‘உனக்கு வேண்டிய வழக்குரைஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு வா, அம்மா’ என்று எழுதிய அண்ணன்மார் எத்தனை பேர்?